பெயர்கள் பல, சொல்லடைவுகள் சில

2024ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி வியாழக்கிழமையன்று, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் பிங் தேடுபொறி சில மணி நேரம் செயலிழந்தபோது, அதற்கும் தமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாதவைபோல் வெளித்தோற்றத்தில் விளங்கும் டக்டக்கோவும் இகோசியாவும், அவற்றோடு சாட்ஜிபிடியின் இணையத் தேடலும், அதே சமயத்தில் விடையளிக்க இயலாமல் திணறின. கூகுளுக்கு மாற்று வேண்டும் என்று விரும்பி, தனக்கெனக் கொள்கையும் தனக்கென முகமும் உடைய வேறொரு சாதனத்தைத் தேர்ந்து விட்டதாகத் திருப்தியுற்றிருந்த பலருக்கு, தாம் மாற்றியது வாசலை மட்டுமே என்பதும், உள்ளே அமர்ந்து விடை சொல்வது பிங்கே என்பதும் அன்றுதான் பிரத்தியட்சமாயின.

ஒரே கேள்வியைப் பல தேடுபொறிகளிடம் ஒரே சமயத்தில் கேட்டு, வரும் விடைகளைத் தொகுத்துக் கொடுக்கும் கூட்டுத் தேடல் சாதனங்களை ஒப்பிட்டு மதிப்பிட வருகிறவர்கள், வேகம் எப்படி, விளம்பரம் எவ்வளவு, எத்தனை தேடுபொறிகளைக் கேட்கிறது என்பனவற்றையே அளவுகோலாகக் கொள்வது வழக்கமாக இருக்கிறது. அவையும் கவனிக்கத் தக்கவையே. ஆயினும், கேட்கப்படும் தேடுபொறிகளுக்குப் பின்னால் ஒன்றையொன்று சாராத சொல்லடைவுகள் எத்தனை இருக்கின்றன என்ற கேள்வியை முதலில் எழுப்பாத எந்த ஒப்பீடும் பிரயோஜனப்படாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

தேடுபொறி என்பதன் மூலதனம் அதன் சொல்லடைவுதான். இணையத்தின் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சென்று படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று குறித்து வைத்து, பக்கங்கள் மாற மாற அந்தக் குறிப்பையும் இடைவிடாமல் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டியிருப்பதால், அது பெரும் பொருட்செலவும் ஏராளமான சர்வர்களும் கோருகிற காரியம். கூட்டுத் தேடல் சாதனம் இந்தச் சுமையை ஏற்பதில்லை. அது நம்முடைய கேள்வியை வாங்கி, ஒவ்வொரு தேடுபொறிக்கும் உரிய வடிவத்தில் மாற்றி அனுப்பி, திரும்பி வரும் பட்டியல்களில் ஒரே முகவரி இருமுறை வந்திருந்தால் ஒன்றாக்கி, ஏதோ ஒரு நியாயத்தின்படி வரிசைப்படுத்தித் தருகிறது. சொந்தமாக எதையும் சேமித்து வைக்காத அந்தச் சாதனத்தின் தகுதி, அது யாரைக் கேட்கிறது என்பதிலும், கேட்டவற்றை எப்படிச் சீர்தூக்குகிறது என்பதிலுமே அடங்கியிருக்கிறது.

இந்த யோசனை கூகுளுக்கு மூத்தது. 1995இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த எரிக் செல்பர்க்கும் அவருடைய ஆசிரியர் ஓரன் எட்சியோனியும் மெட்டாகிராலர் என்னும் சாதனத்தை வெளியிட்டார்கள். லைகோஸ், வெப்கிராலர், இன்ஃபோசீக் முதலிய அக்காலத்துத் தேடுபொறிகளை அது ஒருசேரக் கேட்டது. அதே ஆண்டில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேனியல் டிரைலிங்கர் அமைத்த சேவிசர்ச், எல்லாரையும் எப்போதும் கேட்பது வீண் என்று கருதி, எந்த விதமான கேள்விக்கு எந்தத் தேடுபொறி நல்ல விடை தந்தது என்பதை அனுபவத்தால் கற்றுக்கொண்டு, அதற்கேற்பக் கேள்வியைப் பகிர்ந்தளித்தது. மறு ஆண்டில் ஜெர்மனியின் ஹனோவர் பல்கலைக்கழகத்தில் மெட்டாகேர் பிறந்தது. டாக்பைல் பிறந்ததும் 1996இல்தான்.

அந்நாளில் இவற்றின் அவசியத்தை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிரின்ஸ்டனில் இருந்த என்.இ.சி. ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஸ்டீவ் லாரன்ஸ், லீ ஜைல்ஸ் என்னும் இருவர் 1998 ஏப்ரலில் சயின்ஸ் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில், தேடக்கூடிய இணையம் குறைந்தது 32 கோடிப் பக்கங்கள் கொண்டது என்றும், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஒரு தேடுபொறியும் தன் அடைவில் சேர்த்திருக்கவில்லை என்றும், ஆறு தேடுபொறிகளைச் சேர்த்துக் கேட்டால் ஒன்றை மட்டும் கேட்பதைக்காட்டிலும் சராசரியாக மூன்றரை மடங்கு கிடைக்கும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அடுத்த ஆண்டில் அவர்களே நேச்சர் பத்திரிகையில் எழுதியபோது, இணையம் 80 கோடிப் பக்கங்களாகப் பெருகியிருந்தது. மிகப் பெரிய தேடுபொறியின் பங்கோ சுமார் 16 சதவீதமாகச் சுருங்கிப் போயிருந்தது. ஒவ்வொரு தேடுபொறியும் வேறு வேறு மூலைகளைப் பார்த்துவந்த அந்தக் காலத்தில், பலரைக் கேட்பது என்பது உண்மையாகவே அதிகமாகக் காண்பதற்குரிய மார்க்கமாக இருந்தது.

அவர்கள் இருவரும் அமைத்த இன்குவைரஸ் என்னும் சோதனைச் சாதனத்தைப் பற்றி இங்கே சற்று விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன். மற்றவை தேடுபொறிகள் கொடுத்த பட்டியலை அப்படியே நம்பி அடுக்கித் தந்தபோது, இது பட்டியலில் வந்த பக்கங்களைத் தானே ஒவ்வொன்றாகத் தருவித்து, கேட்ட சொல் அங்கே மெய்யாகவே இருக்கிறதா என்று சரிபார்த்து, அந்தச் சொல் வரும் வாக்கியப் பகுதியையும் எடுத்துக் காட்டியது. மறைந்துபோன பக்கங்களும், கேட்ட சொல் இல்லாமல் மாறிவிட்ட பக்கங்களும் இதனால் தாமாகவே கழிந்தன. சற்றுக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் வந்த விடை பரீட்சிக்கப்பட்ட விடையாக வந்தது. பிற்காலத்துச் சாதனங்கள் வேகத்தை நாடி இந்த நற்பழக்கத்தைக் கைவிட்டு விட்டது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கூகுள் வந்து தேடலின் தரத்தை உயர்த்திய பிறகும் கூட்டுத் தேடலின் நியாயம் உடனே மறைந்து விடவில்லை. 2005இல் டாக்பைல் நிறுவனம், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தையும் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களின் துணையோடு, கூகுள், யாஹூ, எம்.எஸ்.என்., ஆஸ்க் ஜீவ்ஸ் ஆகிய நான்கின் முதற்பக்க விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நான்கிலும் பொதுவாக வந்தவை 1.1 சதவீதமே என்றும், ஏறத்தாழ 85 சதவீத விடைகள் நான்கில் ஏதேனும் ஒன்றில் மட்டுமே வந்தன என்றும் தெரிந்தது. தன் சரக்குக்கு அனுகூலமான முடிவை நாடக்கூடிய ஒரு நிறுவனமே செய்வித்த ஆராய்ச்சி என்பதை மறவாமல் இதை வாசிக்க வேண்டுமாயினும், யாஹூவும் எம்.எஸ்.என்னும் அப்போது சொந்த அடைவுகளை வைத்திருந்தன என்பதை நினைவிற்கொண்டால், அந்த வேற்றுமை வியப்புக்குரியது அன்று. 2009இல் யாஹூ மைக்ரோசாஃப்டுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, பின்னர் பிங்கின் விடைகளையே பரிமாறத் தொடங்கியதிலிருந்து, அந்த நான்கு பெயர்கள் நான்கு அடைவுகளாக இருந்த நிலைமை போய்விட்டது.

வந்த பட்டியல்களை எப்படிச் சேர்ப்பது என்பது, பார்வைக்குச் சிறியதாயினும், ஆழமான ஒரு பிரச்னை. பல பேர் தத்தம் விருப்ப வரிசையைத் தந்தால் சபையின் வரிசை எது என்று பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்து போர்டாவும் கோந்தோர்சேயும் தர்க்கம் செய்த அதே கேள்விதான் இங்கே வேறு உருவில் வருகிறது. சிந்தியா ட்வார்க், ரவி குமார், மோனி நாவோர், சிவகுமார் என்னும் நால்வர் 2001இல் ஹாங்காங்கில் நடந்த உலகளாவிய வலை மாநாட்டில் இதைத் தேடுபொறிகளுக்குப் பொருத்தி ஆராய்ந்தார்கள். எல்லாப் பட்டியல்களோடும் மிகக் குறைவாக முரண்படுகிற வரிசையைக் கண்டுபிடிப்பது, நான்கே பட்டியல்கள் இருந்தாலும், கணினிக்கும் கடினமான வகையைச் சேர்ந்த கணக்கு என்று அவர்கள் நிரூபித்தார்கள். அதைவிடவும் முக்கியமாக எனக்குத் தோன்றுவது அவர்கள் எடுத்துக்காட்டிய இன்னொரு பயன்: தந்திரம் செய்து ஒரு தேடுபொறியை ஏமாற்றி மேலே ஏறிய ஒரு குப்பைப் பக்கம், மற்றவற்றுள் பெரும்பான்மையை ஏமாற்றியிராவிட்டால், பெரும்பான்மையின் தீர்ப்பை மதிக்கும் சேர்க்கை முறையில் அது கீழே தள்ளப்பட்டுவிடும். கூட்டுத் தேடலுக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் எனக்கு மிகவும் உயர்ந்ததாகப் படுவது இதுதான். ஆனால் வாக்களிப்பவர்கள் தனித்தனியே யோசித்து வாக்களித்தால்தான் இந்தக் காரணம் நிற்கும்.

நடைமுறையில் சாதனங்கள் எளிய கணக்குகளையே கையாளுகின்றன. 1998இல் தோன்றிப் பின்னர் நெதர்லாந்துக்குக் கைமாறிய இக்ஸ்குயிக், ஒரு பக்கத்தை முதல் பத்துக்குள் எத்தனை தேடுபொறிகள் வைத்தனவோ அத்தனை நட்சத்திரங்களை அதற்கு இட்டது. இன்று இத்துறையில் முதன்மையானது என்று நான் கருதும் சர்க்ஸ்என்ஜியின் கணக்கு சற்று நுட்பமானது. அதை ஓர் உதாரணத்தால் நெருங்கிப் பார்ப்போம். ஒரு பக்கம் ஒரு தேடுபொறியில் முதலிடத்தில் இருந்தால் 1, மூன்றாம் இடத்தில் இருந்தால் மூன்றில் ஒன்று, நான்காம் இடத்தில் இருந்தால் கால் என்று அது மதிப்பிட்டு, அவற்றைக் கூட்டி, எத்தனை தேடுபொறிகளில் அந்தப் பக்கம் வந்ததோ அந்த எண்ணால் பெருக்குகிறது. ஒரே ஒரு தேடுபொறியில் முதலிடம் பெற்ற பக்கத்துக்கு 1 மதிப்பெண். இரண்டில் மூன்றாம் இடம் பெற்ற பக்கத்துக்கோ 1.33. ஒருவரின் உரத்த பாராட்டைவிட இருவரின் மிதமான ஒப்புதலுக்கு அதிக மதிப்புக் கொடுக்கும் இந்த ஏற்பாடு நியாயமானதே.

இனி, ஒருவர் தம் சாதனத்தில் கூகுள், மொஜீக், பிங், டக்டக்கோ, யாஹூ என்று ஐந்தையும் இயக்கி வைத்திருக்கிறார் என்று கொள்வோம். ஒரு நல்ல பக்கத்தைக் கூகுள் முதலிடத்திலும், முற்றிலும் சுதந்திரமான மொஜீக் நான்காம் இடத்திலும் வைக்கின்றன, அதற்கு 2.5 மதிப்பெண். வேறொரு பக்கத்தைப் பிங் மூன்றாம் இடத்தில் வைக்க, பிங்கின் விடைகளையே பெரும்பாலும் வாங்கித் தரும் டக்டக்கோ மூன்றாம் இடத்திலும், யாஹூ நான்காம் இடத்திலும் வைக்கின்றன, அதற்கு 2.75. இரண்டு அடைவுகள் தனித்தனியே கண்டு ஒப்புக்கொண்ட பக்கம் தாழ்ந்து, ஒரே அடைவு மட்டும் அறிந்த பக்கம் மூன்று பேர் சொன்னதாகத் தோற்றம் கொண்டு உயர்ந்து விடுகிறது. தெருவில் பத்துக் குழாய்களில் நீர் பிடித்துச் சோதித்தாலும் பத்தும் ஒரே தொட்டியிலிருந்து வருமானால், சோதித்தது ஒரு தொட்டியைத்தான். நூறு தேடுபொறிகளைக் கேட்கிறோம் என்று பெருமை பேசும் சாதனத்தைக் கண்டு மயங்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே.

அப்படியானால் சொந்த அடைவு உடையவர்கள் யார்? கூகுள், பிங், ரஷ்யாவின் யாண்டெக்ஸ், சீனாவின் பைடு ஆகியவை பெரியவை. பிரிட்டனைச் சேர்ந்த மொஜீக் தன் சிறிய அடைவை 2004 முதல் பொறுமையோடு வளர்த்து வருகிறது. கிளிக்ஸ் என்னும் ஜெர்மானிய முயற்சியின் எச்சமான டெயில்கேட் என்னும் தேடுபொறியை 2021இல் விலைக்கு வாங்கிய பிரேவ், அதன்மேல் தன் தேடலைக் கட்டியது. மேற்கத்தியத் தேடலில் நாம் அறிந்த மற்றப் பெயர்களில் பெரும்பாலானவை கூகுளுக்கோ பிங்குக்கோ கடன்பட்டவை. இக்ஸ்குயிக்கின் வாரிசான ஸ்டார்ட்பேஜ்கூட, பல தேடுபொறிகளைக் கேட்ட தன் பழைய தொழிலை விட்டு, பிரதானமாகக் கூகுளின் விடைகளை நம் அடையாளத்தை மறைத்து வாங்கித் தரும் சேவையாக மாறி விட்டது. அந்தரங்கத்தைக் காப்பதில் அதற்குள்ள சிரத்தை மெச்சத் தக்கது. ஆனால் கூட்டுத் தேடலுக்காக அதை நாடுவது பொருந்தாது. டாக்பைல் இன்றும் இருக்கிறது; அதை வைத்திருக்கும் சிஸ்டம்1 என்ற விளம்பர நிறுவனம்தான் 2019இல் ஸ்டார்ட்பேஜிலும் முதலீடு செய்தது என்பதைமட்டும் தெரிந்துகொண்டு மேலே செல்லலாம்.

அடைவு வைத்திருப்பவர்கள் கதவைச் சாத்தினால் கூட்டுத் தேடலின் கதி என்ன என்பதற்கு மெட்டாகேரின் சரித்திரம் சாட்சி. சுமா என்னும் பொதுநலச் சங்கத்தின் பொறுப்பில், லாப நோக்கமின்றி, விளம்பர வருவாயைக் கொண்டு இலவசமாக நடந்துவந்த அந்தச் சேவை, 2024 செப்டம்பரில் யாஹூ தன் ஒப்பந்தத்தை ரத்துச் செய்ததும், இலவசத் தேடலை நிறுத்திக் கட்டணத் தேடலை மட்டும் வைத்துக்கொள்ளும் நிர்ப்பந்தத்துக்கு உள்ளாயிற்று. பிறகு மைக்ரோசாஃப்ட், பிங்கின் விடைகளை மற்ற மென்பொருள்கள் விலைகொடுத்துப் பெற்றுவந்த ஏ.பி.ஐ. சேவையை 2025 ஆகஸ்டு 11ஆம் தேதியோடு மூடியது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்து வளர்த்த ஒரு பொதுச் சேவை, பிறர் எடுத்த ஒரு முடிவால் உருமாறிப் போகிறது என்பதை நினைக்கும்போது மனம் பொறுக்கவில்லை.

சர்க்ஸ்என்ஜி இத்தகைய ஒப்பந்தம் எதையும் நம்பி நிற்பதில்லை. 2014இல் ஆடம் டாபர் வெளியிட்ட சர்க்ஸ் என்ற மென்பொருளிலிருந்து 2021இல் கிளைத்து வளர்ந்த இது, மூலநிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும் சுதந்திர மென்பொருள். யாரும் தம் சர்வரில் இதை நிறுவி நடத்தலாம். தேடுபொறிகளின் விடைப் பக்கத்தை ஒரு மனிதர் திறந்து பார்ப்பது போலவே இதுவும் திறந்து, அதிலுள்ளவற்றைப் பிரித்தெடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு விடையின் அடியிலும் அதைத் தந்த தேடுபொறிகளின் பெயர்கள் அச்சாகியிருக்கும். விடை தராமல் போனவற்றின் பெயர்களும் தனியே காட்டப்படும். பார்ப்பவருக்கு எதையும் மறைக்காத இந்த நேர்மைக்காகவே மற்றெல்லாவற்றையும்விட இதை நான் விரும்புகிறேன். எந்தெந்தத் தேடுபொறியைக் கேட்க வேண்டும் என்று நாமே குறியிட்டு வைத்துக்கொள்ளவும் முடியும்.

ஆனால் இதிலும் ஓர் இக்கட்டு உண்டு. பலர் உபயோகிக்கும் பொதுச் சர்வரில் தேடினால், கூட்டத்தோடு கூட்டமாக நம் கேள்வி கலந்து, கூகுளுக்கோ பிங்குக்கோ நம் ஐ.பி. முகவரி தெரியாமற் போகிறது; அதே காரணத்தால், ஒரே முகவரியிலிருந்து இத்தனை கேள்விகளா என்று ஐயுற்று, அவை மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்சாவைக் காட்டி அந்தச் சர்வரைத் தடுத்து விடுகின்றன; பிறகு சில நேரம் கூகுளே இல்லாத கூட்டுத் தேடலைத்தான் நாம் செய்ய வேண்டியிருக்கும். வீட்டில் சொந்தமாக நிறுவிக்கொண்டாலோ, தடை அரிதாகும். ஆனால் கேட்பது முழுவதும் ஒருவரே ஆகிவிடுவதால், முகவரியை மறைப்பதன் பெரும்பயன் போய்விடும். பொதுச் சர்வரை நடத்துகிறவர் நம் கேள்விகளைக் குறித்து வைக்க மாட்டார் என்பதற்கு அவருடைய வாக்கைத் தவிர வேறு உத்தரவாதமும் கிடையாது. நம்பிக்கைக்குரிய ஒரு நண்பர் குழாமோ, கல்லூரியோ, நூலகமோ தன் அங்கத்தினர்களுக்காக ஒன்றை நடத்துவதே இந்த இரண்டு இடர்களுக்கும் நடுவில் உள்ள நல்ல வழியாக எனக்குப் படுகிறது. சந்தா கட்டிப் பல மூலங்களிலிருந்து தொகுத்த விளம்பரமற்ற விடைகளைப் பெற விரும்புவோருக்கு 2022 முதல் காகி என்ற சேவையும் இருக்கிறது. பணம் கொடுக்க இயன்றவர்கள் அதைப் பரீட்சித்துப் பார்க்கலாம்.

சர்க்ஸ்என்ஜியை அமைத்துக்கொள்கிறவர்களுக்கு நான் சொல்வது இது: கூகுள், ஸ்டார்ட்பேஜ் இரண்டில் ஒன்று; பிங், டக்டக்கோ, யாஹூ மூன்றில் ஒன்று; பிறகு பிரேவ், மொஜீக். இவ்வளவு போதும், எஞ்சியவற்றின் குறிகளை நீக்கிவிட்டால் மேலே காட்டிய கள்ள வாக்கும் நீங்கும். விடை தாமதித்தால் சாதாரணமாக 3 வினாடிக்குமேல் அது காத்திராது என்பதால், மெதுவாகப் பதிலளிக்கும் சிறிய தேடுபொறிகளுக்காக அந்தக் கெடுவைச் சற்று நீட்டி வைப்பதும் நல்லது.

இதற்கும் மேலான ஓர் அனுகூலம் பலர் கவனிக்காமல் கிடக்கிறது. விக்கிப்பீடியா, விக்கிமூலம், மருத்துவ ஆய்வுகளுக்கான பப்மெட், இயற்பியலாரும் கணிதத்தாரும் நாடும் ஆர்க்ஸைவ், தெருக்களுக்கும் ஊர்களுக்குமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் ஆகியவை தமக்கென அடைவு வைத்திருப்பவை. கூகுளுக்கும் பிங்குக்கும் கடன்படாதவை. இவற்றையும் சர்க்ஸ்என்ஜியின் அதே தேடல் பெட்டியிலிருந்து ஒருசேரக் கேட்கலாம். தேடல் மொழியைத் தமிழ் என்று குறித்துவிட்டால் தமிழ் விக்கிப்பீடியாவையே அது நேராகக் கேட்கிறது. ஒரு நோயைப் பற்றிப் படிக்க விழைகிறவர், மருந்துக் கடைகளின் விளம்பரப் பக்கங்களைத் தாண்டி, ஆராய்ச்சிக் கட்டுரையையும் தமிழ் விளக்கத்தையும் ஒரே திரையில் காண முடிவது சாமானியமான லாபம் அன்று. 1998இல் பொது இணையத்தில் கிடைத்த மூன்றரை மடங்கு இன்று கிடைக்காது. இன்று பலரைக் கேட்பதன் மெய்யான பலன் இந்தத் தனித்துறை மூலங்களிலேயே விளைகிறது.

பொதுத் தேடலில் சுதந்திரமான அடைவுகள் பெருக வேண்டுமானால் அதற்குச் சட்டமும் பொதுப்பணமும் துணை வர வேண்டும். அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டு நிலவரப்படி பொதுத் தேடலில் 89.2 சதவீதம் கூகுளிடம் இருந்ததைச் சுட்டிக்காட்டி, அந்த நிறுவனம் தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகக் காத்துக்கொண்டது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டு 5ஆம் தேதி தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில், அடைவைச் சார்ந்த சில தகவல்களைத் தகுதியுள்ள போட்டியாளர்களோடு கூகுள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்றும் பணித்தார். ஐரோப்பாவில் இகோசியா, குவான்ட் என்னும் தேடுபொறிகள் இரண்டும் பிங்கைச் சார்ந்த வாழ்வு போதும் என்று தீர்மானித்து, 2024இல் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கிச் சொந்த அடைவு கட்ட முனைந்திருக்கின்றன. இவற்றைவிட என் உள்ளத்துக்கு உகந்தது, 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு 14 நிறுவனங்கள் கூடித் தொடங்கிய திறந்த வலைச் சொல்லடைவு முயற்சி. பல நாட்டுக் கணினி மையங்கள் வேலையைப் பகிர்ந்துகொண்டு, எவரும் எடுத்தாளக்கூடிய ஓர் அடைவை உண்டாக்குவது அதன் நோக்கம். ஒரு கம்பெனியின் இரகசியச் சொத்தாக இருந்துவந்ததைப் பொதுச் சாலையையும் பொது நூலகத்தையும் போல் அனைவருக்கும் உரியதாக்க முயல்கிற அவர்களுடைய பணி முற்றுப்பெற இன்னும் நெடுந்தூரம் இருக்கிறது. ஆயினும் அந்த அடைவு தேடலுக்குத் தகுதியான அளவுக்கு வளர்ந்து விட்டால், அதைச் சர்க்ஸ்என்ஜியின் பட்டியலில் சேர்ப்பதற்குப் பைத்தான் மொழியில் ஒரு சிறிய நிரல் எழுதினால் போதும்.